தூங்கிய பக்கம்

எந்த பிரவுசரும் தன்னை மெதுவானது என்று சொல்லிக்கொண்டதில்லை. பதினாறு வருடமாகக் கவனித்து வருகிறேன். ஒவ்வொரு புதுப் பதிப்பும் பழையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்கிறார்கள். அடுத்தது அதைவிட ஒன்றரை மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், நான் கேட்க நினைக்கும் முன்பே பக்கம் திறந்து நிற்க வேண்டும். அப்படி எதுவும் நடப்பதில்லை. முன்பு காத்திருந்த அளவுக்கு இப்போதும் காத்திருக்கிறோம்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் எவ்வளவு பழக்கம் என்று தெரியாததால் அடியிலிருந்து சொல்கிறேன். விசாரணை அறையில் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "எங்க அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்." அதற்கான பதில் இது. நான் உங்கள் அப்பா இருந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவன். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் என்றால் நினைவுக்கு வரலாம். உங்களுக்கு எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்த நர்ஸ் என் அண்ணி, அண்ணனின் மனைவி. அவர் தூங்கிவிட்டதால் உங்கள் அப்பா இறந்தார் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அவரும் அப்படியே நம்புகிறார். அவர் தூங்கவில்லை. நர்ஸாக வேலை செய்யும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்ய இந்த மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்களுக்குப் புரிந்தால் அந்த உரிமை அவருக்குத் திரும்பக் கிடைக்கலாம். அதனால் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

பிரவுசர் என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். ஒரே நேரத்தில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைக்கலாம். கண்ணுக்கு முன்னால் ஒன்று இருக்கும். மற்றவை அதன் பின்னால் வரிசையாக நிற்கும். வேகத்தின் ரகசியம் இங்கேதான். ஓர் அலுவலகத்தில் எட்டுக் குமாஸ்தாக்கள், ஒரே ஒரு மின்விசிறி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் எதிரே நிற்கும் குமாஸ்தா பக்கம் விசிறியைத் திருப்பிவிட்டு, மற்ற ஏழு பேரையும் தூங்கச் சொல்லிவிட்டால், முன்னால் நிற்பவர் சுறுசுறுப்பாகத்தான் தெரிவார். "எங்கள் அலுவலகம் இரண்டு மடங்கு வேகம்" என்று வாசலில் எழுதி மாட்டலாம். அது பொய்யும் இல்லை. தூங்கும் ஏழு பேரின் வேலை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன்.

இதனாலேயே ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். நிஜமாகவே ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். நான் வார்டுக்குள் நுழைந்தால் நர்ஸுகள், "வாங்க ஸ்டாப்வாட்ச், இன்னைக்கு எந்த செகண்டைக் காணோம்?" என்பார்கள். அண்ணி மட்டும் எல்லார் எதிரிலும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "நீ இந்த மேசையை அளந்து முடிக்கறதுக்குள்ள நான் நாலு பேருக்கு ஊசி போட்டுடுவேன் தம்பி. தள்ளி நின்னு அள." எனக்கு அந்தக் கிண்டல்கள் பிடிக்கும். ஒரு ஆளின் வேலையை மற்றவர்கள் கவனிக்கிறார்கள் என்பதற்கு வேறு என்ன அடையாளம் இருக்கிறது?

அடுத்து மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவின் கட்டிலில் ஒரு பொத்தான் தொங்கியதே, அதை அழுத்தினால் நேராக நர்ஸ் மேசையில் மணி அடிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அழுத்தியது கீழ்த்தளத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் பதிவாகும். அவ்வளவுதான். நர்ஸ் மேசையின் பிரவுசரில் மணிப் பக்கம் என்று ஒரு பக்கம் திறந்திருக்கும். அது மூன்று நொடிக்கு ஒருமுறை கீழ்த்தளத்தைக் கேட்கும்: யாராவது அழுத்தினார்களா? ஆம் என்றால் ஒலி எழுப்பும். மணி மேசையைத் தேடி வருவதில்லை. மேசைதான் மணியைத் தேடிப் போகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு எளிய ஏற்பாடு.

ஆனால் கேட்பதற்கு அந்தப் பக்கம் விழித்திருக்க வேண்டும். அதனால் மணியை அமைத்துக் கொடுத்த நிறுவனத்தார் தங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: மணிப் பக்கத்தை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கவும். எந்தெந்தப் பக்கங்களைத் தூங்க வைக்கக் கூடாது என்று பிரவுசரிடம் சொல்லி வைக்கும் பட்டியல் அது. எட்டு வார்டு மேசைகளிலும் நானே சேர்த்து வைத்தேன்.

பிறகு பிரவுசரின் புதுப் பதிப்பு வந்தது. இரண்டு மடங்கு வேகம் என்றார்கள்.

வேகமெல்லாம் தூக்கத்திலிருந்து வருவதுதான் என்று நிரூபிக்க நினைத்தேன். ஆஸ்பத்திரியின் மாத இதழில் எனக்கு ஒரு பக்கம் உண்டு, அதில் வெளியிடலாம். நிறுவனங்கள் காலி அறையில், காலி கம்ப்யூட்டரில் அளந்து எண்களைச் சொல்கின்றன. நான் உண்மையான மேசைகளில், உண்மையான வேலை நடக்கும்போது அளக்க விரும்பினேன். நாலு வார்டுகளில் பிரவுசர் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் தூங்க வைக்கலாம். மற்ற நாலில் எதையும் தூங்க வைக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. விதிவிலக்குப் பட்டியல் இருந்தால் அளவு சுத்தமாக வராது. ஆகவே நாலு மேசைகளில் அதை நீக்கினேன்.

யோசிக்காமல் செய்யவில்லை. அந்த பிரவுசர் திறந்த மூல முறையில் தயாராவது. அதாவது அதன் உள்வேலைகள் எல்லாம் பொதுவில் இருக்கும். யாரும் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம், குறை சொல்லலாம். குறைகளுக்கென்று ஒரு பிழைப் பட்டியல் உண்டு. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண், அதன் கீழே பல நாட்டுக்காரர்கள் எழுதும் கருத்துகள், பக்கத்தில் அதன் நிலை: திறந்திருக்கிறது அல்லது மூடப்பட்டது. மற்றவர்கள் காலையில் செய்தித்தாள் பார்ப்பதுபோல நான் அதைப் பார்ப்பேன். பதிப்பு எப்படி இருக்கிறது என்று அதன் நாடியைப் பிடித்தே சொல்லிவிடலாம் என்று இளையவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

தூங்கும் பக்கங்கள் ஒலி எழுப்புவதில்லை என்று அதில் ஒரு புகார் இருந்தது. நூற்று நாற்பத்திரண்டு கருத்துகள். மூன்று மாதம் மெல்ல ஏறி, ஒரு வாரத்தில் ஐம்பது கருத்துகள் குவிந்து, பிறகு சட்டென்று அடங்கியிருந்தது. நிலை: மூடப்பட்டது. நான் அதை ஒரு கோட்டுப் படமாகக்கூட வரைந்து பார்த்தேன். காய்ச்சல் உச்சத்துக்குப் போய் இறங்கிய நோயாளியின் அட்டையைப் போல இருந்தது. சரிசெய்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நர்ஸுகள் வழக்கத்தைவிடக் கவனமாக இருப்பார்கள், அளவு கெட்டுவிடும். எந்த வார்டுகள் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன். நாலாவது மாடி வந்தது. அண்ணியின் வார்டாயிற்றே, மாற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றினால் பாரபட்சம். மாற்றவில்லை.

உங்கள் அப்பாவை நான் ஒருமுறைதான் சந்தித்தேன். பரிசோதனை தொடங்கிய நாலாம் நாள், அவருக்குத் தொண்டையில் அறுவை முடிந்த மறுநாள். பொத்தான் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையிலிருந்த பலகையில் எழுதிக் காட்டினார்: "சட்டை தோள் ஒரு அங்குலம் இறங்கியிருக்கு. யார் தைச்சது?" ரெடிமேட் என்றேன். முகத்தைச் சுளித்துத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அளவு பார்க்கும் ஆளை அளவு பார்க்கும் ஆளுக்குப் பிடிக்காமல் போகுமா? உட்கார்ந்து மணி எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு முழுவதும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு எழுதினார்: "என்னால கத்த முடியாது. இதை நம்பலாமா?"

நான் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். அவரை அழுத்தச் சொன்னேன். மணிச் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன்.

"மூணே செகண்ட் ஐயா. எப்ப அழுத்தினாலும் மூணு செகண்ட்," என்றேன்.

அப்போது மணிப் பக்கம் மேசையில் முன்னால் திறந்திருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் ஒன்பது நாள் எதுவும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம் யாரும் பார்க்காத பக்கம்தான் தூங்கும். நர்ஸுகள் வேறு பக்கத்துக்குப் போனாலும் ஒரு நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள்.

பத்தாம் நாள் பிற்பகல் 2:35-க்கு அண்ணி ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் படிவத்தைத் திறந்தார். அது புதுப் படிவம், நாலு பக்கம் நீளம். உடன் இருந்த நர்ஸ் வேறு அறையில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். 2:40-க்கு, படிவத்தின் பின்னால் நின்ற மணிப் பக்கத்தை பிரவுசர் தூங்க வைத்தது. 2:43-க்கு உங்கள் அப்பா முதல் தடவை அழுத்தினார். தையல் விட்டு உள்ளே ரத்தம் கசியத் தொடங்கியிருக்கும் என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். 2:51 வரை ஏழு தடவை அழுத்தியிருக்கிறார். அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நடைபாதை அங்கே வளைவதால் மேசையிலிருந்து அது தெரியாது. 2:54-க்கு அண்ணி படிவத்தை முடித்துவிட்டு மணிப் பக்கத்தைச் சொடுக்கினார். பக்கம் விழித்துக்கொண்டது. கீழ்த்தளத்தைக் கேட்டது. சேர்ந்திருந்த ஏழு மணிகளும் ஒன்றாக அடித்தன.

அவர் ஓடியபோது உங்கள் அப்பா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தார். பலகையை எடுக்கவில்லை. பொத்தானை மட்டும் கம்பியோடு பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

எனக்கு 3:20-க்குத் தகவல் வந்தது. கீழ்த்தளத்துக்குப் போய்ப் பதிவுகளைப் பார்த்தேன். இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று, யார் எப்போது அழுத்தினார்கள் என்பது. இன்னொன்று, எந்த மேசை எப்போது கேட்டது என்பது. அது முப்பது நாளில் தானாக அழிந்துவிடும், என்னைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. நாலாவது மாடி மேசை பதினாலு நிமிடத்தில் இருநூற்று எண்பது தடவை கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த வெற்று இடத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நாலு மேசைகளிலும் விதிவிலக்குப் பட்டியலைப் பழையபடி சேர்த்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. இன்னொரு நோயாளிக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் சேர்க்கும் முன் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை.

பிறகு என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் புகாரை முதன்முறையாகத் திறந்து படித்தேன். மூடப்பட்டது என்ற சொல்லின் கீழே சாம்பல் நிறத்தில் காரணம் இருந்தது: "வடிவமைத்தபடியே இயங்குகிறது. இது பிழை அல்ல." அவர்கள் எதையும் சரிசெய்யவில்லை. சரிசெய்யப் போவதில்லை என்று சொல்லி மூடியிருந்தார்கள். கருத்துகள் அடங்கியது குணமானதால் அல்ல. இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள். தொண்ணூற்றேழாவது கருத்து எங்கோ ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. "நாங்கள் நோயாளி மணிக்கு இதைப் பயன்படுத்துகிறோம், பக்கம் தூங்கினால் மணி அடிப்பதில்லை" என்று எழுதியிருந்தார்கள். ஒரு தன்னார்வலர் உடனே பதில் எழுதியிருந்தார்: "விதிவிலக்குப் பட்டியலில் வையுங்கள். மறந்தும் எடுத்துவிடாதீர்கள்."

நான் கருத்துகளை எண்ணினேன். படிக்கவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அன்று மாலை எனக்கு இருந்த அவமானம் உங்கள் அப்பாவைப் பற்றியதல்ல. மூடப்பட்டது என்றால் தீர்ந்தது என்று பொருளில்லை என்பது இந்தத் தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்வது. அதில் நான் தவறிவிட்டேன் என்று தெரிந்தால் வார்டு வார்டாகச் சிரிப்பார்களே என்று காது மடல் எரிந்தது. ஒரு மனிதர் இறந்திருக்கிறார் என்ற நினைப்பு அதற்குப் பின்னால்தான், வரிசையில் நின்று, வந்தது.

விசாரணைக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். பெரிய டாக்டரம்மா அழுத்தல் பதிவைத் திரையில் காட்டச் சொன்னார். ஏழு வரிகள். அண்ணி, "ஒண்ணுமே கேக்கல மேடம். அப்புறம் ஏழும் ஒரேயடியா அடிச்சுது," என்றார். யாரோ பெருமூச்சு விட்டார்கள். சாக்குச் சொல்வதானால் இன்னும் கொஞ்சம் நம்பும்படியாகச் சொல்லலாமே என்பதுபோல. தூங்கி விழித்த பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர் எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தார். அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "மணி அப்படி ஒண்ணா அடிக்குமா?"

"ஒரு அழுத்தலுக்கு ஒரு மணி மேடம். அப்படித்தான் அமைச்சிருக்கு."

"இந்த பிரவுசர்ல மணி லேட்டா வர்ற மாதிரி ஏதாவது பிரச்சினை உண்டா?"

"அப்படி ஒரு புகார் இருந்துச்சு. மூடியாச்சு." பிழைப் பட்டியலை எடுத்து, அந்தப் புகார் ஒரே வரியில் தெரியும்படி வைத்து, அதன் எதிரே இருந்த சொல்லைச் சுட்டிக் காட்டினேன். நீங்களும் எட்டிப் பார்த்தீர்கள்.

நான் சொன்ன இரண்டும் பொய்யில்லை. நான் அதுவரை பொய் சொன்னதில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுப்பார்கள், அண்ணிக்கு இருபத்திரண்டு வருட நல்ல பெயர் இருக்கிறது, தாங்கிக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். என் பெயரால் தாங்க முடியாதது அவர் பெயரால் முடியும் என்று.

வீட்டில் நாங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். சாப்பாட்டு மேசையில் அவர்தான் பொருமினார். "இவ தூங்கினாளாம். நான் தண்ணி குடிக்க எந்திரிச்சாலே என்ன சத்தம்னு கேக்கறவ. இருபது வருஷமா இவளுக்குத் தெரியாம நான் ஒரு தும்மல் போட்டதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய், மெஷின் உனக்குத்தான் தெரியும். அதுல ஏதாவது கோளாறு இருக்குமாடா?"

"எல்லா மேசையையும் பார்த்துட்டேன். இப்ப சரியாத்தான் இருக்கு."

அண்ணன் ஒரு மெக்கானிக். அந்த 'இப்ப'வைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுகூட நம்புகிறேன். அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அண்ணிக்குத் தன் காதின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தேன். கொசு ரீங்காரம் அளவு சின்ன ஒலிக்கும் விரல் உயர்ந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. "என்னைவிட உங்களுக்கு நல்லா கேக்குது சிஸ்டர்," என்றார் டாக்டர். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அண்ணி அழுதார். காது கெட்டிருந்தால் அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். "அப்ப நான் தூங்கித்தானே இருக்கணும் தம்பி?" என்று கேட்டார். அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

இப்போது வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொள்கிறார், தன்னையறியாமல் தூங்கிவிடக் கூடாது என்று. சில நாள் அது அடிக்காமல் போனது. கைப்பேசியும் மின்சாரத்தைச் சேமிக்க அப்படித்தான் சிலவற்றைத் தூங்க வைக்கும். "என்னன்னு பாரு தம்பி," என்று கொண்டுவந்தார். அலாரத்தை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. என் கை நன்றாகவே வேலை செய்தது.

அழியும் முன் அந்த இரண்டாவது பதிவை நான் நகல் எடுத்து வைத்திருந்தேன். பதிவுகள் வீணாவது எனக்குப் பிடிக்காது. இந்த உறையில் உள்ள பென்டிரைவில் அது இருக்கிறது. 2:40-லிருந்து 2:54 வரை பாருங்கள், ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததுதான் சாட்சி. நர்ஸிங் கவுன்சிலுக்கு நானே நேராக அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் கையிலிருந்து போனால் மதிப்பு அதிகம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது என்றுதான் எழுதினேன். அந்த வாக்கியத்தை நான்கு தடவை அடித்துத் திருத்திப் பார்த்தும் அதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லை. அண்ணியிடமும் இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. விசாரணைக்குப் பிறகு டாக்டரம்மா அண்ணியைத் தனியே கூப்பிட்டு, நடந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டால் விஷயம் வெளியே போகாது, இறந்தவரின் பெண்ணுக்கும் ஒரு பதில் கிடைக்கும் என்றிருக்கிறார். அப்படி உங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அதன் நகல் ஒன்றை வைத்துத்தான் பிறகு கவுன்சில் அவருடைய உரிமையை எடுத்தது. அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா யாருமே எனக்குச் சொல்லல," என்று நீங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அன்று முழுவதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. இப்போது அதை நினைத்தால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

கையெழுத்து அண்ணியுடையது. எழுதியவன் நான். "உனக்குத்தான் விளக்கமா எழுத வரும்," என்று தாளோடு வந்தார். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். படிவத்தைத் திறந்தது, மணி கேட்காதது, ஓடியது எல்லாம் வந்தபின் நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கண்ணசந்துட்டேனோ என்னவோ. எனக்கு நெனப்பில்ல."

தமிழில் ஒரு வசதி உண்டு. வினையின் கடைசியில் ஓ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும், உறுதியானது சந்தேகமாகிவிடும். வந்தான் என்றால் வந்துவிட்டான். வந்தானோ என்றால் யாருக்கும் தெரியாது. வேறு ஒரு சொல்லும் தேவையில்லை.

நான் எழுதினேன்: "நான் கண்ணயர்ந்துவிட்டேன்."

அண்ணி தாளைத் திருப்பிப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார். "இப்படியா சொன்னேன்?"

"கடிதத்துல இப்படித்தான் அண்ணி எழுதணும். இழுத்த மாதிரி இருக்கக் கூடாது."

"சரி, உனக்குத் தெரியாததா," என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த ஓவை எடுத்தவன் நான். எடுத்ததும் வாக்கியம் தெளிவாகிவிட்டது.